பழைய காரும் மின்னெழுச்சியும்

ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைத் திடீரென நிறுத்துவது எளிதன்று. ஓட்டத்தை நிறுத்தலாம்; ஓட்டத்தினுள் உறைந்திருந்த ஆற்றலை நிறுத்த இயலாது. அது வேறு வடிவங் கொண்டு வேறு வழியால் வெளிப்பட்டே தீரும். இவ்வுண்மையை நூல்களிற் படித்து அறிந்தோர் பலர். அதனைக் கண்ணாற் காண விரும்புவோர் பொல்பிட்டியவுக்குச் செல்லலாம். களனி கங்கைக்கு நீர் சேர்க்கும் மஸ்கெலி ஓயா, கெசல்கமு ஓயா ஆகிய இரண்டும் மலையை விட்டு இறங்கும் இடத்தில், கித்துல்கலைக்கும் கினிகத்தேனைக்கும் அண்மையில் அமைந்த சிற்றூர் அது. மவுஸ்ஸாக்கலை, காசல்ரீ என்னும் பெரிய நீர்த்தேக்கங்களிலிருந்து புறப்படும் நீர், தேயிலைச் சரிவுகளின் அடியிற் குடையப்பட்ட சுரங்கங்களினூடாகப் படிப்படியாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு மின்நிலையத்தை இயக்கிக்கொண்டு இங்கு வந்து சேருகின்றது. இந்நீரின் ஆற்றலை மின்னாக்கலாம் என்று 1918 இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் எடுத்துரைத்தவர் டி. ஜே. விமலசுரேந்திர. அவர் கண்ட கனவு லக்சபானவில் நனவாவதற்கு 1950 ஆம் ஆண்டு வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. பொல்பிட்டிய நிலையம் 1969 இல், 75 மெகாவாற்று ஆற்றலோடு இயங்கத் தொடங்கியது. இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டதும் அதே ஆண்டிலேயே. கீழே புரோட்லண்ட்ஸ் நிலையம் அண்மைக் காலத்தில் எழும்பும்வரை இத்தொடரின் கடைசிப் படி இதுவாகவே இருந்தது.

நீர்மின் நிலையத்துச் சுரங்கத்தினுள் ஆயிரக்கணக்கான தொன் நீர் ஒரே உடலாக நகர்ந்துகொண்டிருக்கும். இடி விழுந்தோ வேறு காரணத்தாலோ மின்கம்பித் தொடர்பு அறுந்துவிட்டால், சுமையிழந்த சுழலி கட்டுமீறிச் சுழலாதபடி அதற்குச் செல்லும் நீரை விரைந்து அடைக்கவேண்டும். அடைத்தால், பின்னால் வந்துகொண்டிருக்கும் நீருடல் எங்கே போகும்? வினாடிக்கு ஒரு மீற்றர் வேகத்திற் செல்லும் நீர் உருக்குக் குழாயினுள் ஒரே கணத்தில் நிறுத்தப்பட்டால் ஏறத்தாழப் பத்து வளிமண்டல அழுத்தம் மேலதிகமாக எழும். இக்கணக்கை உருசிய அறிஞர் சூக்கோவ்ஸ்கி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மொஸ்கோ நகர நீர்க்குழாய்களை ஆராய்ந்து நிறுவினார். அவ்வழுத்தத்தை வெறுமனே தாங்கும் குழாய் செய்யப் புகுந்தால் செலவுக்கு எல்லை இராது. ஆகவே பொறியியலார் வேறொன்று செய்தனர். சுரங்கம் முடிந்து செங்குத்தான குழாய் தொடங்கும் இடத்தில், வானை நோக்கித் திறந்த ஒரு பெருங்கிணற்றை மலையில் அமைத்தனர். எழுச்சிக் கிணறு என அதனைக் கூறலாம். தடைப்பட்ட நீர் அதனுள் ஏறும், பின் இறங்கும், சிலகாலம் ஊசலாடி அடங்கும். அக்கிணறு எதையும் எதிர்ப்பதில்லை. இடம் கொடுக்கிறது. அவ்வளவே.

இந்நிலையத்தில் நெடுங்காலம் தொழில்நுட்பப் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அவ்வூர்ப் பக்கத்தில் வாழ்கின்றார். தோட்டத்து லயத்திற் பிறந்து, எண்ணெய் விளக்கிற் படித்து, ஒரு மலைநாட்டுத் தமிழருக்கு அக்காலத்தில் எளிதிற் கிட்டாத அரச உத்தியோகத்தைப் பெற்றவர். அவரிடம் ஒரு மொறிஸ் மைனர்க் கார் உண்டு. அக்காருக்கு நேர்ந்த ஒரு நோயையும் அதற்கு அவர் கண்ட மருந்தையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தம் வாழ்நாளிற் பாதியை எழுச்சிக் கிணற்றின் நிழலிற் கழித்த ஒருவருக்கே அந்நோயின் மூலம் புலப்பட்டது என்பது தற்செயலன்று.

மலைநாட்டிற் பழைய கார்கள் இத்தனை காலம் உயிர்வாழ்வதற்கு வெறும் பாசம் மட்டும் காரணமன்று. மொறிஸ் மைனர் இங்கிலாந்தில் 1948 இல் வெளிவந்து 1971 வரை உற்பத்தியான வண்டி. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அது பதினாறு இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இலங்கைக்குள் கார் வருவது மிகவும் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் வாயில் திறந்துவிடப்படும்வரை, உள்ள காரைச் சாகவிடாமற் காப்பதையே நாடு முழுவதும் ஒரு கலையாகப் பயின்றது. அக்கலை வீண்போகவில்லை. மைனர்க் கார்களுக்கான உடற்பாகங்களைத் தென்னிலங்கையிற் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பும் முயற்சியொன்று, பாத் நகரிற் பழைய மொறிஸ் வண்டிகளைப் புதுப்பித்துவந்த சார்ள்ஸ் வெயர் என்பாரின் தொடர்பால் 1990களில் உருப்பெற்றது. பெற்ற பிள்ளைக்குத் தத்தெடுத்த தாய் பாலூட்டிய கதை இது. மீண்டும் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரி வரை தனியார் கார்கள் வராதிருந்தபோது, கொட்டகைகளிற் கிடந்த கிழவண்டிகள் பலவும் துடைத்தெடுக்கப்பட்டன. பெரியவருடைய கார் கொட்டகையிற் கிடந்ததன்று. நாள்தோறும் ஓடியது. முச்சக்கர வண்டிகள் தோட்டங்களுக்குள் பெருகுமுன்னர், இரவில் நோவு கண்ட பெண்ணையும் பாம்பு தீண்டியவரையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றது அதுவே. அவ்வழக்கம் முற்றிலும் மாறிவிடவுமில்லை. மழையும் மூடுபனியும் சேர்ந்த இரவில், முன்பின் அறியாத வண்டியைத் தேடுவதினும் பெரியவரின் கதவைத் தட்டுவதையே அயலவர் விரும்பினர்.

காலத்துக்கேற்பக் காரையும் சிறிது திருத்துவோம் என்று அவர் எண்ணியது இயல்பே. எரிபற்றலுக்குரிய தொடுமுனைகளை அடிக்கடி தேய்த்துச் சரிசெய்வதற்கு விரல்களும் கண்களும் மறுத்தன. தொடுமுனைகளுக்குப் பதிலாகப் பங்கீட்டியினுள் பொருத்தக்கூடிய இலத்திரனியற் கருவியொன்றை உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொணர்ந்து கொடுத்தார். அது மூன்று மாதம் உழைத்து இறந்தது. இரண்டாவது ஆறு வாரத்தில் இறந்தது. இடையில் ஒரு றேடியோவும் மௌனமாயிற்று. கினிகத்தேனைப் பக்கத்து இளம் பாஸ் ஒருவர் காரைப் பார்த்துவிட்டு, “சாமான் சரியில்லைங்க ஐயா. வேற ஒண்ணு போட்டுப் பாப்போம்” என்றார். பெரியவரும் மூன்றாவதைப் போட்டார்.

அதுவும் ஓர் இரவிற் போயிற்று. போன இடந்தான் கொடியது. நிறைமாதப் பெண்ணொருத்தியையும் அவள் தாயாரையும் ஏற்றிக்கொண்டு கினிகத்தேனை வைத்தியசாலையை நோக்கி ஏறிக்கொண்டிருக்கையில், முகப்பு விளக்குகள் வழமைக்கு மாறாகப் பளிச்சென்று வெண்மையாய் ஒளிர்ந்தன. மகிழ்ச்சி தரவேண்டிய அவ்வொளி பெரியவருக்கு அச்சத்தையே தந்தது. இயந்திரம் விரையும்போது விளக்கு மிகையாய் ஒளிர்வது மின்னழுத்தம் கட்டுமீறுவதன் அடையாளம் என்பதை அவர் அறிவார். காரை ஓரங்கட்ட எண்ணுவதற்குள் விளக்குகள் இரண்டும் அணைந்தன. அடுத்த கணம் இயந்திரமும் நின்றது. வளைவு, மழை, ஒரு பக்கம் பள்ளம். பின்னால் வந்த லொறி மோதாமல் நின்றது அவ்விரவின் பேறு. அந்த லொறியிலேயே பெண்ணை ஏற்றி அனுப்பினர். தாயும் சேயும் நலமே. ஆயினும், நம்பி ஏறியவரை நடுவழியில் இறக்கிவிட்ட காரை மறுநாள் அவர் ஒருவருக்கும் தரவில்லை, தாமும் ஓட்டவில்லை. தாழ்வாரத்தில் நிறுத்திவைத்து மின்கம்பிகளை ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்கினார். உதவிக்கு வந்த பாஸ் மீண்டும் சாமானைக் குறைகூறியபோது, “சாமான் தானாச் சாகல தம்பி, நாமதான் சாகடிச்சிருக்கோம்” என்றாராம்.

அவர் கூற்று விளங்கவேண்டுமானால், காரில் மின்னெழுச்சி எங்கிருந்து பிறக்கிறது என்பதை அறியவேண்டும். கம்பிச் சுருளினூடாக மின் ஓடும்போது அதனைச் சுற்றிக் காந்தப்புலம் ஒன்று அமைகின்றது. மின்னை அறுத்தால் அப்புலம் சரிகின்றது. சரியும் புலம் அதே சுருளில் மின்னியக்க விசையைத் தூண்டுகின்றது. 1831 இல் பரடே கண்ட தூண்டல் விதி இதுவே. ஓட்டம் எவ்வளவு விரைவாய் அறுபடுகிறதோ அவ்வளவு உயரத்துக்கு அழுத்தம் எழும். சுரங்கத்து நீருக்கும் சுருளின் மின்னுக்கும் இவ்விடத்து வேறுபாடு பெயரில் மட்டுமே. ஒலிப்பானை அழுத்தி விட்டால், மழைதுடைப்பானை நிறுத்தினால், அஞ்சலி ஒன்று விடுபட்டால், ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு வோல்ற்றுக் கம்பியில் நூறு வோல்ற்றையும் தாண்டக்கூடிய ஓர் ஊசி எழுந்து மறையும். அதன் வாழ்நாள் வினாடியில் ஆயிரத்திலொரு பங்கோ இரண்டோதான். முகப்பு விளக்கு அதனை உணர்வதற்குள் அது போய்விடும். குறைகடத்தி அப்படியன்று, அதன் மெல்லிய படையைத் துளைப்பதற்கு அந்நேரமே மிகை.

ஆனால் மின்னெழுச்சி காருக்கு முற்றிலும் பகையென்று கொள்வது பிழை. பெற்றோல் வண்டியின் உயிர்த்துடிப்பே ஒரு மின்னெழுச்சிதான். அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றறிங் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த எரிபற்று முறையில், பற்றரியிலிருந்து மூன்று நான்கு அம்பியர் மின்னைச் சுருளினூடாக ஓடவிட்டுத் தொடுமுனைகள் அதனைத் திடீரென அறுக்கின்றன. முதற்சுருளில் முந்நூறு வோல்ற்றளவில் எழும் அழுத்தம், பல்லாயிரம் சுற்றுக்கள் கொண்ட இரண்டாஞ் சுருளில் 15,000 வோல்ற்றுக்கு மேற்பட்டுப் பொறிச்செருகியில் தீப்பொறியாகின்றது. நான்கு உருளைகள் கொண்ட இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 தரம் சுழன்றால் இந்நிகழ்ச்சி வினாடிக்கு நூறு தடவை நிகழ்கின்றது. தொடுமுனைகளுக்குக் குறுக்கே சிறுவிரலளவான ஒரு கொள்ளளவி இருக்கும். கராஜுகளில் அதற்குக் கண்டென்சர் என்பதே பெயர். மைக்குரோ பரட்டில் ஐந்திலொரு பங்களவே அதன் கொள்ளளவு. தொடுமுனை திறந்த கணத்தில் எழும் மின் அங்கே வில்லாய் எரிந்து முனைகளைத் தின்றுவிடாதபடி, அதனை ஏற்றுத் தாங்கித் திருப்பி அனுப்புவது அக்கொள்ளளவி. காரின் முதல் எழுச்சிக் கிணறு இதுதான். புதிதாக எதையும் வாங்கிப் பொருத்துமுன் இதனை வணங்கவேண்டும். காலாவதியான கொள்ளளவியோடு ஓடும் கார், தன் மின்வலை முழுவதிலும் இரைச்சலை இறைத்துக்கொண்டே ஓடுகின்றது. இன்னொன்று: எழுச்சியை அடக்குகிறேன் என்று எரிபற்றுச் சுருளின் குறுக்கே இருவாயியைப் போடும் அறிவுக்கூர்மை சிலரிடம் உண்டு. போட்டால் அழுத்தம் எழாது, பொறியும் பிறக்காது, காரும் அசையாது.

பெரும்பாலான கார்ச் சொந்தக்காரர் உருகியையே காவலனென்று நம்புகின்றனர். இந்நம்பிக்கை இரு வகையிற் பொய்யானது. மொறிஸ் மைனரில் உள்ள உருகிகள் மொத்தம் இரண்டு. ஒவ்வொன்றும் 35 அம்பியருக்குரியது. முகப்பு விளக்குகளும் எரிபற்று முறையும் அவற்றினூடாகச் செல்வதே இல்லை. அது ஒருபுறமிருக்க, உருகி சூடேறி உருகவேண்டும். அதற்குக் காலம் வேண்டும். ஊசியாய் எழும் மின்னெழுச்சி தன் வேலையை முடித்துக்கொண்டு போனபின்னரும் உருகி குளிர்ந்தே கிடக்கும். உருகி காப்பது கம்பியை, தீயிலிருந்து காரை. இலத்திரனியற் கருவியை அது காப்பதில்லை.

அப்படியாயின் இத்தனை ஆண்டுகளாக இவ்வெழுச்சிகளை விழுங்கியது எது? பற்றரி. இக்கேள்விக்குப் பெரியவர் கண்ட விடை புதியதன்று; பழைய கையேடுகள் அனைத்திலும் மறைமுகமாய் உள்ளதே. ஆயினும் பற்றரியை மின்னைத் தரும் பெட்டியாகவே எல்லாரும் காண்கின்றனர். மின்னை வாங்கும் கிணறாக அதனைக் காண்போர் சிலரே. நல்ல பற்றரி மிகக் குறைந்த உட்தடை உடையது. மின்வலையில் எங்கே அழுத்தம் எழுந்தாலும் அதனைத் தன்னுள் இறக்கிச் சமன்செய்துவிடும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: அதனிடம் செல்லும் வழி திறந்திருக்கவேண்டும். அவ்வழி இரண்டு கம்பிகளும் நான்கு இணைப்புக்களுமே. பற்றரி முனையில் வெண்பச்சைப் பூஞ்சணமாய்ப் படியும் உப்பு, உடலோடு சேரும் பின்னற்பட்டியின் அடியிற் பிடிக்கும் துரு, வண்ணப்பூச்சின்மேல் இறுக்கப்பட்ட ஆணி ஆகிய மூன்றும் கிணற்றின் வாயிற் கல்லை வைத்து மூடியதற்கு ஒப்பானவை. ஆண்டில் பெரும்பகுதி ஈரத்தில் நனையும் மேற்குச் சரிவில் இவை விரைவாய் விளைகின்றன. கொழும்பில் ஐந்தாண்டு தாங்கும் இணைப்பு இங்கே இரண்டு மழைக்காலத்துக்குத் தாங்குவதும் அரிது.

பெரியவர் செய்த சோதனை எளிமையானது; எவரும் செய்யத்தக்கது. வோல்ற்றுமானியின் ஒரு முனையைப் பற்றரியின் முனைக்குமிழில் — கவ்வியிலன்று, குமிழில் — வைத்து, மறுமுனையை இயந்திரத்தின் உடலில் வைத்து, இயந்திரத்தைச் சுழற்றச் சொன்னார். அரை வோல்ற்றுக்குள் நிற்கவேண்டிய மானி இரண்டு வோல்ற்றுக்கும் மேற் காட்டியது. கவ்வியைக் கழற்றினார், அதன் உட்புறம் கரித்துண்டுபோற் கறுத்திருந்தது. கவ்வியைச் சுரண்டியதோடு அவர் நிறுத்தியிருந்தால் நோய் மீண்டும் வந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை.

டைனமோவின் அழுத்தத்தை ஆளுவது, இயந்திரக் கூண்டின் பின்சுவரிற் பொருத்தப்பட்ட லூக்கஸ் கட்டுப்பாட்டுப் பெட்டி. அதனுள் இரு மின்காந்தங்கள்: டைனமோ ஓயும்போது பற்றரி அதனுள் வடிந்துவிடாமற் பிரிப்பது ஒன்று, அழுத்தம் மிகும்போது டைனமோவின் புலச்சுருளுக்குச் செல்லும் மின்னை அறுத்து அறுத்து மட்டுப்படுத்துவது மற்றையது. இவ்விரண்டாவது தன் அளவைச் சரியாக உணர்வதற்கு, பெட்டியிலிருந்து உடலுக்குச் செல்லும் சிறிய கம்பியொன்று நல்ல தொடர்பில் இருக்கவேண்டும். அக்கம்பி அறுந்தால் மின்காந்தம் குருடாகிவிடும். அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் அதற்குத் தெரியாது. டைனமோ கட்டவிழ்ந்த யானையாகும். பெரியவரின் காரில் அக்கம்பி, துருவேறிய ஆணியடியில், நூலிழையளவில் ஒட்டிக்கொண்டிருந்தது. குலுங்கும்போது சேர்ந்தும் விலகியும் வந்திருக்கின்றது. அந்த ஏற்றத்தில் அது முற்றாய் விலகியபோது, மிகை மின்னை வாங்கவேண்டிய பற்றரியின் வாயும் உப்பால் அடைபட்டிருந்தது. ஏறிய அழுத்தம் போவதற்கு வேறு வழியின்றி விளக்குக்குள்ளும் கருவிக்குள்ளும் புகுந்தது. முதலிரு கருவிகளையும் கொன்றவை இத்தகைய சிறு விலகல்களே என்பதில் ஐயமில்லை.

இவ்விடத்து ஒரு வேறுபாட்டை வற்புறுத்தவேண்டும். ஊசியாய் எழுந்து மறையும் மின்னெழுச்சி வேறு. நொடிக்கணக்கில் நீடிக்கும் மிகையழுத்தம் வேறு. கடையில் விற்கும் எழுச்சியடக்கி முன்னதற்கு உரியது. பின்னதை அதன் தலையில் ஏற்றினால் அது சூடேறிக் கருகும், கருவியையும் காக்காது. எனவே கட்டுப்பாட்டுப் பெட்டியும் உடற்றொடர்பும் பற்றரியும் செம்மையாகும்வரை காப்புக்கருவி வாங்குவது, ஓட்டைக் கூரைக்கு அடியிற் புதுப்பாய் விரிப்பதாகும். வெளிநாட்டிலிருந்து வரும் விற்பனைக் குறிப்புக்கள் இதைச் சொல்லாமல் விடுவதில் வியப்பில்லை.

டைனமோவைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடலோட்ட மின்பிறப்பாக்கியைப் பொருத்துவோர் இப்போது பலர். இரவில் விளக்கு நன்றாய் எரியும், பற்றரி விரைவாய் நிரம்பும் என்பன உண்மையே. ஆயின் அவ்வசதியோடு ஓர் ஆபத்தும் கூடவே ஏறுகின்றது. மின்பிறப்பாக்கி முழுமூச்சாய்ப் பற்றரிக்கு மின்னூட்டிக்கொண்டிருக்கும்போது பற்றரிக் கவ்வி கழன்றுவிட்டால், அதன் புலச்சுருளிற் சேர்ந்துள்ள ஆற்றல் உடனே தணியாது, அழுத்தம் மேலெழும். அனைத்துலகத் தரநியமங்கள் பன்னிரண்டு வோல்ற்று வண்டிகளின் கருவிகளை இதற்காகச் சோதிக்கையில், அடக்கப்படாத எழுச்சியின் உச்சத்தை 79 முதல் 101 வோல்ற்று வரையெனக் கொள்கின்றன. அது நீடிக்கும் காலம் வினாடியில் இருபத்தைந்திலொரு பங்கு முதல் ஐந்தில் இரு பங்கு வரை. கண்ணிமைக்கும் நேரந்தான், ஆனால் ஊசியின் வாழ்நாளோடு ஒப்பிட்டால் அது ஒரு யுகம். சுமையிழந்த சுழலியின் நிலையும் இதுவே. அக்காரணத்தால் இயந்திரம் ஓடும்போது பற்றரியைக் கழற்றிப்பார்த்து மின்பிறப்பாக்கி உழைக்கிறதா என்று அறியும் பழைய கராஜ் வழக்கத்தை முற்றாகக் கைவிடவேண்டும். டைனமோக் காலத்தில் அது கையாலாகாத சோதனை. இக்காலத்தில் அது கொலை.

அடித்தளம் செம்மையானபின் பெரியவர் காப்புக்கருவிகளைச் சேர்த்தார். ஒலிப்பானுக்கும் அஞ்சலிக்கும் அவற்றின் சுருள்களின் குறுக்கே ஒவ்வோர் இருவாயி. சுருளில் எழும் எழுச்சி வெளியே பரவாமல், பிறந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி ஓய்ந்துவிடும். இருவாயியைத் திசைமாற்றிப் பொருத்தினால் அது குறுஞ்சுற்றாகிப் புகையும். மைனர் போன்ற பழைய ஆங்கிலக் கார்களில் இத்திசை ஒரு பொறி. அவற்றுட் பல, பற்றரியின் நேர்முனையை உடலோடு சேர்த்தவை. இன்றைய வண்டிகளின் படத்தைப் பார்த்துப் பொருத்துவோர் தலைகீழாகவே பொருத்துவர். நேர்முனை உடலோடு சேர்ந்த காரில் இருவாயியின் கோடிட்ட முனை உடலின் பக்கத்திலேயே இருக்கவேண்டும். எரிபற்றுக் கருவிக்கு மின் செல்லும் கம்பிக்கும் உடலுக்கும் இடையில், இரு திசையிலும் உழைக்கும் எழுச்சியடக்கும் இருவாயி ஒன்றை இணைத்தார். இருபத்துநான்கு வோல்ற்று வரை அது உறங்கும். முப்பதை நெருங்கும்போது விழித்து, எழுச்சியை உடலுக்குள் இறக்கி, நாற்பதுக்கு மேல் ஏறவிடாது. அதன் கால்களைக் கூடியவரை குட்டையாக வைத்து, காக்கப்படும் கருவியின் அருகிலேயே பொருத்தினார். நீண்ட கால்களும் சுருளே அன்றோ! பொல்பிட்டியவிலிருந்து புறப்படும் மின்கம்பிகளுக்கு இடிதாங்கிகள் செய்யும் பணியும் இதுவே. 1960களின் பிற்பகுதியில் ஜப்பானியர் துத்தநாக ஒட்சைட்டில் கண்ட ஒரு பண்பு, இன்று மலையுச்சிக் கோபுரத்திலும் தொலைக்காட்சிப் பெட்டியின் செருகியிலும் ஒரே விதமாய் உழைக்கின்றது.

எல்லாம் செய்தபின்னும் மனிதர் கையால் வரும் எழுச்சிகள் மீதமுண்டு. தோட்டங்களில் இது பொதுவாய் நிகழ்வது: கார் கிளம்பாவிட்டால் அருகில் நிற்கும் கொழுந்து லொறியிலிருந்து கம்பி இழுப்பது. பெரிய லொறிகள் பலவற்றின் மின்வலை இருபத்துநான்கு வோல்ற்று. கார் கிளம்பிவிடும், உள்ளிருக்கும் கருவி மடிந்துவிடும். பன்னிரண்டு வோல்ற்று வண்டியிலிருந்து எடுத்தாலும், கம்பியை விலக்குமுன் முகப்பு விளக்குகளை எரியவிடுவது நன்று. விலக்கும் கணத்தில் எழுவதை வாங்கிக்கொள்ள ஏதேனும் ஒன்று வேண்டும். விளக்கு எரிந்துபோனாலும் நட்டம் சிறிது. உடலை மின்வில்லால் ஒட்டவைக்கும்போது பற்றரியின் இரு முனைகளையும், மின்பிறப்பாக்கியின் கம்பிகளையும் கழற்றிவிடாத கராஜுக்குக் காரைக் கொடுக்கலாகாது. துருப்பிடித்த அடித்தட்டை ஒட்டவைக்கப்போய் இலத்திரனியல் முழுவதையும் இழந்த பழைய கார்கள் சிலவல்ல.

பழைமையை அவ்வண்ணமே பேண விழைவோர் இத்தகைய சேர்க்கைகளை இகழ்கின்றனர். 1950களின் காருக்குள் குறைகடத்தி எதற்கு என்பது அவர்கள் கேள்வி. காட்சிக்கு நிற்கும் காருக்கு அக்கேள்வி பொருந்தும். மேலும், எதையும் சேர்க்காத மைனருக்கு மின்னெழுச்சியால் பெருந்தீங்கு இல்லை என்பதும் மெய்யே. செம்பும் இரும்பும் பஞ்சுத்தோலுமான அதன் உறுப்புக்கள் நூறு வோல்ற்று ஊசியைக் கொசுக்கடியாகவே கொள்ளும். வன்மையானவற்றின் நடுவே மென்மையான ஒன்றைக் குடியேற்றிய பின்னரே காவல் தேவையாயிற்று. ஆனால் நள்ளிரவில் கதவு தட்டப்படும் காருக்குத் தூய்மைவாதம் கட்டாது. பங்கீட்டிக்குள் எது இருக்கிறது என்று நோவிலிருக்கும் பெண் கேட்பதில்லை. இருந்தும் பெரியவர் பழைய தொடுமுனைத் தட்டையும் கொள்ளளவியையும் எறிந்துவிடவில்லை. எண்ணெய்த் தாளிற் சுற்றி, ஒரு திருகாணிச் செலுத்தியோடு, முன்தட்டின் கீழ் வைத்திருக்கின்றார். இலத்திரனியற் கருவி வழியில் மடிந்தால், கைவிளக்கின் ஒளியிற் கால்மணி நேரத்தில் பழையதை மீண்டும் பொருத்திவிடலாம்.

புதிய கருவி பொருத்தி இரண்டு மழைக்காலங்கள் கழிந்துவிட்டன. அது இன்னும் உழைக்கின்றது. இரு மாதத்துக்கு ஒருமுறை பற்றரிக் கவ்விகளைக் கழற்றி, கொதிநீரால் உப்பைக் கழுவி, எமரிக் கடதாசியால் தேய்த்து, வெசலின் பூசி இறுக்குகின்றார். கட்டுப்பாட்டுப் பெட்டியின் உடற்கம்பியை இரண்டாக்கி, இரண்டையும் வெவ்வேறு ஆணிகளிற் பூட்டியிருக்கின்றார். இடிமழை பெருகும் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும், மின்தடை ஏற்பட்டு மீளும் இரவுகளிலும், வீட்டு மின்னிலிருந்து பற்றரிக்கு ஊட்டும் கருவியைக் காரில் இணைத்துவிட்டு உறங்கப் போவதில்லை. கதவைத் தட்டுவோருக்கு முன்னர்ச் சில வாரங்கள் மறுத்தவர் இப்போது மறுப்பதில்லை. பெண்ணின் தாயார்தான் முதலில் வந்து கேட்டார் — இம்முறை மருமகனுக்கு.